பாதி ஆறு எங்கே போனது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய காட்டுக்குள் புரூல் என்றொரு ஆறு சுப்பீரியர் ஏரியை நோக்கி இறங்குகிறது. ஏரியை எட்டுவதற்குச் சற்று முன்பு, நட்ட நடுவில் நிற்கும் ஒரு பாறை அதை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குக் கிளை எல்லா அருவிகளையும்போல ஐம்பதடி குதித்து, கீழே குளமாகி ஓடுகிறது. மேற்குக் கிளை பத்தடி இறங்கி ஒரு பாறைக் குழிக்குள் நுழைகிறது. நுழைந்தது நுழைந்ததுதான்; வெளியே வருவதைக் கண்டவர் இல்லை. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘டெவில்ஸ் கெட்டில்’, அதாவது பிசாசின் கொப்பரை.

பல தலைமுறைகளாக மக்கள் இந்தக் குழிக்குள் எதையாவது போட்டுவிட்டு ஏரிக்கரையில் காத்திருந்தார்கள். மரக்கட்டை போட்டார்கள், பிங்பாங் பந்து போட்டார்கள். எதுவும் வந்து சேரவில்லை. ஆறு பூமிக்கடியில் தனிவழி பிடித்து ஏரியின் அடியில் போய்க் கலக்கிறது என்றார்கள் சிலர். ஒரு காரையே தள்ளிவிட்டுப் பார்த்ததாகவும் கதை உண்டு. அருவிக்குப் போகும் ஒரு மைல் நடைபாதையில் ஏறத்தாழ இருநூறு படிகள் இருப்பதைக் கதை கட்டியவர்கள் மறந்துவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மாநில இயற்கை வளத்துறையின் நீரியலாளர்கள் எளிமையான ஒரு வேலையைச் செய்தார்கள். அருவிக்கு மேலே ஆற்றின் ஓட்டத்தை அளந்தார்கள்: விநாடிக்கு 123 கன அடி. அருவிக்குக் கீழே சில நூறு அடி தள்ளி மறுபடி அளந்தார்கள்: 121 கன அடி. இந்த வகை அளவீட்டில் இரண்டு கன அடி என்பது பிழைக்கு உட்பட்டதுதான். பாதி ஆறு தொலைந்திருந்தால் கீழே அறுபதுதானே இருக்க வேண்டும்? குழிக்குள் போன நீர், பாறைக்கு அடியில் கொஞ்ச தூரம் போய் அதே ஆற்றில் மீண்டும் எழுகிறது என்ற முடிவு 2017இல் வெளியானது.

அப்படியானால் பந்துகள்? குழிக்குள் நீர் சுழன்றடிக்கும் வேகத்தில் உள்ளே விழுந்த பொருள் சிதைந்துபோகும். அல்லது வெகுநேரம் உள்ளேயே சுழன்றுவிட்டு, யாரும் பார்க்காத வேளையில் கீழே எங்காவது எழும். நீண்ட சுரங்கத்துக்கு அங்கே வாய்ப்பும் இல்லை. சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துக் குகையாக்கும். இங்கே இருப்பது ரையோலைட் என்ற கெட்டியான எரிமலைப் பாறை, அது கரையாது.

மூத்த பாறை, இளைய ஆறு

டுலூத் நகரத்திலிருந்து கனடா எல்லை வரை, ஏரியின் வடமேற்குக் கரையில் ஆற்றுக்கு ஆறு அருவி இருக்கிறது. கூஸ்பெரி ஆற்றில் அடுக்கடுக்காக விழுகிறது. டெட்டகூஷ் பூங்காவில் பாப்டிசம் ஆறு சுமார் அறுபது அடி குதிக்கிறது. எல்லையில் பிஜன் ஆறு 120 அடி விழுகிறது. இத்தனை அருவிகள் ஒரே வரிசையில் அமைந்ததற்குக் காரணம் இரண்டு: பாறை மிகப் பழையது, ஆறு மிகப் புதியது.

சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் இந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கத் தொடங்கியது. பிளவின் வழியே எரிமலைக் குழம்பு திரும்பத் திரும்பப் பொங்கிப் பரந்து, கிலோமீட்டர் கணக்கான தடிமனுக்குப் படிந்தது. பிறகு என்ன நடந்ததோ, பிளவு பாதியில் நின்றுவிட்டது. படிந்த பாறையின் கனத்தில் நிலத்தின் நடுப்பகுதி அமிழ்ந்தது. அடுக்குகள் ஏரிப்பக்கமாகச் சாய்ந்தன. கரையோர மலைகளுக்கு ‘சாடூத்’, அதாவது ரம்பப்பல், என்று பெயர் வந்தது இந்தச் சாய்வால்தான். மலைமுகடுகளை ஏரியிலிருந்து பார்த்தால் ரம்பத்தின் பற்கள்போல் ஒருபக்கமாகச் சாய்ந்து தெரியும்.

இது பாறையின் கதை. ஆறுகளின் கதை நேற்று நடந்ததுபோல. கடைசிப் பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்தப் பகுதியை விட்டு விலகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. உருகிய நீர் தேங்கி நின்ற பழைய ஏரியின் மட்டம் இன்றைய ஏரியைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருந்தது. ஏரி வடிய வடிய, சிற்றாறுகள் செங்குத்தான சரிவில் தமக்கு வழி அறுத்துக்கொண்டன. மாநிலத்தின் மிக உயர்ந்த இடமான ஈகிள் மலை 701 மீட்டர். மிகத் தாழ்ந்த இடமான ஏரிமட்டம் 183 மீட்டர். இரண்டுக்கும் நடுவே இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். பள்ளத்தாக்கை அறுத்துச் சமப்படுத்தப் பத்தாயிரம் ஆண்டு போதாது. அறுத்து முடிக்காத வேலைதான் நாம் பார்க்கும் அருவி.

ஒவ்வொரு குழம்புப் படிவிலும் நடுப்பகுதி கெட்டி. மேற்பகுதியில் வாயுக்குமிழி விட்ட ஓட்டைகளும் விரிசல்களும் அதிகம். நீர் மென்மையான பகுதியை அரிக்கிறது, கெட்டியான பகுதி படியாக எஞ்சுகிறது. சில இடங்களில் ஆட்டுரலில் குழவி சுற்றுவதுபோல், சுழலில் சிக்கிய கற்களே பாறையைக் குடைந்து வட்டக் குழிகள் ஆக்குகின்றன. பிசாசின் கொப்பரை அப்படிப்பட்ட குழிதான். டெம்பரன்ஸ் ஆற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இத்தகைய குழிகள் ஏராளம். டெம்பரன்ஸ் என்றால் மதுவிலக்கு. கரையோரத்து மற்ற ஆறுகளின் முகத்துவாரத்தில் மணல்திட்டு உண்டு. ஆங்கிலத்தில் அதுவும் ‘பார்’தான். இந்த ஆற்றில் ‘பார்’ இல்லை, ஆகவே மதுவிலக்கு ஆறு என்று யாரோ வேடிக்கையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

நீர் ஏன் தேயிலைச் சாயம்போல் இருக்கிறது?

முதன்முறை வருகிறவர்கள் ஆற்றைப் பார்த்ததும் அசுத்தம் என்று நினைப்பார்கள். கடுந்தேநீர் நிறம், அருவிக்குக் கீழே சோப்பு போட்டதுபோல் நுரை. இரண்டும் காட்டிலிருந்து வருபவை. இந்த ஆறுகள் பெரும்பாலும் சதுப்புகளில் பிறக்கின்றன. அங்கே ஊறும் இலையும் பட்டையும் பாசியும் தேயிலையில் உள்ளதுபோன்ற டானின் வகைப் பொருள்களை நீரில் இறக்குகின்றன. அதே கரிமப் பொருள்கள் அருவியில் காற்றோடு கலந்து அடிபடும்போது நுரைக்கின்றன. நிறம் அழுக்கல்ல. ஆனாலும் நீரை வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. நீர்நாய்களும், மரம் அறுத்து அணை கட்டும் பீவர்களும் வாழும் ஆற்றில் வயிற்றைக் கெடுக்கும் ஒட்டுண்ணிகள் இருக்கும்.

நீலப் பட்டையைப் பின்தொடர்ந்து

இந்த அருவிகளில் பலவற்றைக் கோத்துச் செல்வது ‘சுப்பீரியர் ஹைக்கிங் டிரெயில்’ என்ற நடைபாதை. நீளம் சுமார் 500 கிலோமீட்டர். இதற்கான சங்கம் 1986இல் தொடங்கியது. பாதையைச் செதுக்கியதிலும் பராமரிப்பதிலும் தன்னார்வலர்களின் கை பெரிது. மரங்களில் நீலப் பட்டை தீட்டியிருந்தால் முதன்மைப் பாதை. வெள்ளைப் பட்டை என்றால் கிளைப்பாதை. வழியில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கூடார இடங்கள் உள்ளன. கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. வந்தவர்கள் இடம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் விதி.

முழுப் பாதையையும் நடப்பவர்கள் சிலரே. பெரும்பாலானவர்கள் காரை நிறுத்திவிட்டு அருவி வரை நடந்து திரும்புகிறார்கள். அருவியில் நீர் மிகுந்திருப்பது பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில். அப்போது பாதை சேறாக இருக்கும். நடந்தால் தடம் பாழாகும் என்று சில பகுதிகளை மூடிவிடுவதும் உண்டு. ஜூனில் கருப்பு ஈயும் கொசுவும் மனிதரை விடாது. செப்டம்பர் இறுதியில் முகட்டில் மேப்பிள் மரங்கள் சிவக்கும். பூச்சி ஓய்ந்திருக்கும், நீர் குறைந்திருக்கும். எந்த மாதமானாலும் கதகதப்பான மேலாடை வேண்டும். கோடையிலும் ஏரிக்காற்று திரும்பினால் கரையில் சட்டென்று குளிர்ந்துவிடும்.

அந்தக் குளிரை நம்பி வாழும் உயிர்களும் உண்டு. பனிப்பாளம் வடக்கே பின்வாங்கியபோது துருவச் செடிகள் சில அதனோடு போகாமல் ஏரிக்கரைப் பாறை இடுக்குகளில் தங்கிவிட்டன. இலையில் பிசினை வைத்துப் பூச்சி பிடிக்கும் பட்டர்வொர்ட் அவற்றில் ஒன்று. பாறை ஓரத்தில் கால் வைக்குமுன் குனிந்து பார்ப்பது இதனால் நல்லது.

அருவி அருமை, சுமப்பவருக்குச் சுமை

நமக்குக் காட்சியான அருவி, படகில் வந்தவர்களுக்குத் தடை. பிஜன் ஆற்றின் கடைசிப் பகுதி முழுவதும் அருவியும் பாறையுமாக இருப்பதால் படகு போகாது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் அதைச் சுற்றிக் காட்டுக்குள் ஒரு தடம் வைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் மென்மயிர்த் தோல் வணிகர்களும் அதே தடத்தைப் பிடித்தார்கள். எட்டரை மைல் நீளம். ஒரு மூட்டை 90 பவுண்டு. ஒருவர் ஒரே நடையில் இரண்டு மூட்டை சுமப்பது வழக்கம். ‘கிராண்ட் போர்ட்டேஜ்’, பெரிய சுமைவழி, என்பது அதன் பெயர்.

1854 ஒப்பந்தத்தில் ஒஜிப்வே மக்கள் இந்தக் கரையை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வேட்டைக்கும் மீன்பிடிப்புக்குமான உரிமையை விடவில்லை. இன்று பிஜன் ஆற்றின் உயர்ந்த அருவி இருக்கும் மாநிலப் பூங்கா அவர்களுடைய நிலத்தில்தான், அவர்களோடு சேர்ந்துதான் நடத்தப்படுகிறது.

யாரைக் காணலாம்?

வழியில் நிச்சயமாகப் பார்க்கக் கிடைப்பது பீவரின் கைவேலை. பென்சில் சீவியதுபோல் அறுத்த மரம், குச்சியும் சேறும் குழைத்த அணை, அணையால் மூழ்கிய பாதை. வானில் கழுகும் பருந்தும். வலசை போகும் பருந்துகள் பெரிய ஏரியைக் கடக்க அஞ்சிக் கரையோரமாகவே தெற்கே பறப்பதால், இலையுதிர் காலத்தில் டுலூத் மேட்டில் குவிகின்றன. 2003 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் எண்ணினார்கள்.

அமெரிக்காவின் பிற இடங்களில் ஓநாயைச் சுட்டும் நஞ்சு வைத்தும் அழித்த காலத்திலும் இந்தக் காட்டில் அது பிழைத்துக் கிடந்தது. நடப்பவர் கண்ணில் அது படுவது அபூர்வம். சேற்றில் தடம் கிடைக்கும். கருங்கரடி உண்டு. பேசிக்கொண்டே நடந்தால் அது விலகிவிடும். எதிர்ப்பட்டால் ஓடாமல் பின்னோக்கி நகர வேண்டும். இரவில் உணவை அடிமரத்தைவிட்டுத் தள்ளி உயரத்தில் தொங்கவிட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத டப்பாவில் வைக்க வேண்டும். கரடியைவிட அஞ்ச வேண்டியது வழுக்குப் பாறையை. அருவிக் குளத்தில் இறங்கி உயிரிழந்தவர்கள் இந்தக் கரையில் உண்டு.

எல்லாரும் பார்க்க ஆசைப்படுவது மூஸ். மான் குடும்பத்திலேயே பெரியது. தோள் மட்டமே ஆள் உயரம். அதைத்தான் பார்ப்பது கடினமாகிவிட்டது. வடகிழக்கு மினசோட்டாவில் 2006ஆம் ஆண்டு வான்வழிக் கணக்கெடுப்பின் மதிப்பீடு சுமார் 8,800. 2013இல் அது 2,800க்கும் கீழ். அந்த ஆண்டே மாநில அரசு மூஸ் வேட்டையை நிறுத்தியது. பிறகு சரிவு நின்று, எண்ணிக்கை மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது.

அந்தச் சரிவுக்குக் காரணம் ஒன்றல்ல. குளிர்காலம் இளக இளக, தெற்கத்தி வெள்ளைவால் மான் இந்தக் காட்டில் பெருகியது. அந்த மானின் தலைக்குள் ஒரு புழு வாழும். மானுக்கு அதனால் கேடில்லை. மானின் புழுக்கை வழியாக அது நத்தைக்குப் போகிறது. இலையோடு ஒட்டியிருக்கும் நத்தையை மூஸ் தின்னும்போது, புழு அதன் மூளைக்கு ஏறுகிறது. மூஸ் தள்ளாடி, சுற்றிச் சுற்றி வந்து, இரையாகவோ பிணமாகவோ முடிகிறது. பனி தாமதமாக விழுந்து சீக்கிரம் உருகினால் குளிர்கால உண்ணிகளும் தழைக்கின்றன. ஒரே மூஸின் உடலில் பல்லாயிரம் உண்ணிகள் இரத்தம் குடிக்கும். கன்றுகளை ஓநாயும் கரடியும் பிடிக்கின்றன. இதே காட்டில் கரிபூ மான்களும் இருந்தன. சென்ற நூற்றாண்டிலேயே அவை மறைந்துவிட்டன.

பிசாசின் கொப்பரை முன்பு நிற்கும் கூட்டத்தில் இன்றும் யாராவது ஒருவர் கேட்பார்: “பாதி ஆறு எங்கே போகிறது?” அதற்கு விடை கிடைத்துவிட்டது. மேலே 123, கீழே 121, கணக்கு நேர். அருவியைச் சுற்றியுள்ள காட்டில் மூஸையும் அதே போல எண்ணிப் பார்த்தார்கள். முதலில் 8,800, ஏழு ஆண்டு கழித்து 2,800. அந்த மிச்சம் எந்தப் பாறைக்கு அடியிலும் போய் மீண்டும் எழவில்லை.