சுப்பர்ஹெற்றரோடைன் வானொலி வாங்கி

வானொலி வாங்கி ஆற்றவேண்டிய கடமைகள் இரண்டு: வேண்டிய நிலையத்தைத் தெரிந்தெடுத்தல் ஒன்று, நலிந்த மின்னலையைப் பெருக்குதல் மற்றொன்று. ஒரே வான்கம்பியைப் பல நிலையங்களின் அலைகள் ஒருங்கே வந்தடைகின்றன. அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்தற்குத் தொடக்ககால வாங்கிகளில் இசைவுச் சுற்றுக்கள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தனர். நிலையத்தை மாற்றும்போதெல்லாம் அவையனைத்தையும் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. அன்றியும், மீடிறன் உயருந்தோறும் அக்கால வால்வுகளின் பெருக்குந்திறன் குன்றியது.

1918ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில், அமெரிக்கப் படையிற் பணியாற்றிய எட்வின் ஆம்ஸ்ட்றோங் இவ்விடர்ப்பாட்டிற்கு வழி கண்டார். பிரான்சில் லூசியன் லெவியும் ஜேர்மனியில் வால்டர் ஷொட்கியும் ஏறத்தாழ அதே காலத்தில் இக்கருத்தை எய்தியிருந்தனர். எந்நிலையத்தின் அலையாயினும் அதனை ஒரே மீடிறனுக்கு மாற்றிக்கொண்டு, பின்னர்ப் பெருக்குதல் என்பதே அக்கருத்தாகும்.

வினாடிக்கு 256 முறையும் 260 முறையும் அதிரும் இரு தந்திகளை ஒருங்கே மீட்டினால், வினாடிதோறும் 4 அடிப்புக்கள் செவிக்குப் புலனாகும். இதனையொப்ப, வாங்கியிலுள்ள அலையம் எனும் சுற்றுத் தானே ஓர் அலையை உண்டாக்குகின்றது. அது கலப்பியில் நிலையத்தின் அலையோடு கலந்து, இரண்டின் வேறுபாடாகிய இடைமீடிறனைத் தருகின்றது. நிலையம் 1000 கிலோஹேர்ட்ஸ், அலையம் 1455 கிலோஹேர்ட்ஸ் ஆயின் வேறுபாடு 455 ஆகும். நிலையம் 600 ஆயின் அலையம் 1055இல் அதிரும். வேறுபாடு மீண்டும் 455 ஆகும். முன்சுற்றின் ஒடுக்கியும் அலையத்தின் ஒடுக்கியும் ஒரே அச்சிற் சுழல்வதால், குமிழைத் திருப்பினும் இவ்வேறுபாடு மாறுவதில்லை. மூல அலையின் வீச்சத்திற் பொதிந்த பேச்சும் இசையும் சிதையாது இடைமீடிறனுக்கு வந்து சேர்கின்றன. அதற்கென்றே நிலையாக இசைவிக்கப்பட்ட சுற்றுக்கள் தெரிதலையும் பெருக்குதலையும் செவ்வனே முடிக்கின்றன. அதன்பின் ஒலிக்குரிய மின்மாறல் பிரித்தெடுக்கப்பட்டு ஒலிபெருக்கியை இயக்குகின்றது.

எனினும் இம்முறையில் ஒரு குறையுண்டு. அலையம் 1055இல் அதிரும்போது, 1510 கிலோஹேர்ட்ஸ் நிலையமும் அதே 455 வேறுபாட்டைத் தரும். இவ்விம்ப மீடிறன் கலப்பியைக் கடந்துவிடின், பின்வரும் சுற்றுக்கள் எத்துணைக் கூர்மையாயினும் அதனைப் பிரித்தல் இயலாது. எனவே கலப்பிக்கு முன்னுள்ள சுற்றே அதனைத் தடுத்தல் வேண்டும். மத்திய அலையில் இஃது எளிது. சிற்றலையிலோ, 15,000 கிலோஹேர்ட்சிற்கும் அதன் விம்பமாகிய 15,910 கிலோஹேர்ட்சிற்கும் இடையேயுள்ள விகித வேறுபாடு மிகச் சிறிது. எளிய வாங்கிகளில் ஒரே சிற்றலை நிலையம் அளவுத்தட்டின் ஈரிடங்களிற் கேட்பதற்குக் காரணம் இதுவேயாகும்.