பிணை தீர்ப்பன்று

வன்னியில் பெயர்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் செலுத்திய வாகனம் மோதி உயிர் போனாலும், அவர் மீது அடிதடிக் குற்றச்சாட்டு எழுந்தாலும், ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசுவதும், அவர் பிணையில் வந்ததும் "பெரிய ஆள், வழக்கு முடிஞ்சுது" என்று பாதிக்கப்பட்ட குடும்பமே ஓய்ந்துவிடுவதும் திரும்பத் திரும்பக் காணும் அவலமாகும். பிணை தீர்ப்பன்று.

2020 யூலை 5ஆம் திகதி பாணந்துறையில் கிரிக்கெட் வீரர் குசல் மென்டிஸின் வாகனம் மோதி 64 வயதுச் சைக்கிளோட்டி ஒருவர் மாண்டார். மறுநாளே பிணை கிடைத்தபோது, புகழுக்குரிய சலுகை என்றே பலர் முணுமுணுத்தனர். ஆனால் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதையே விதியாகவும் மறுப்பதை விலக்காகவும் கொள்கிறது. பெயரறியா லொறிச் சாரதிக்கும் அதே விதிதான். சந்தேகநபர் தலைமறைவாவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா என்பனவே நீதவான் முக்கியமாக ஆராய்வன. சாட்சியைக் கலைக்கும் வல்லமை இருக்குமிடத்தில் புகழே பாதகமாகவும் முடியும். டெல்லிக் கொலை வழக்கொன்றில் ஒலிம்பிக் மல்யுத்த வீரர் சுசில் குமாருக்கு மேல் நீதிமன்றம் அளித்த பிணையை, மாண்டவரின் தந்தை விடாது முறையிட்டதால், 2025 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இரத்துச் செய்தது. புகழ் குற்றத்துக்குச் சான்றுமன்று: இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலகவை 2023 செப்டெம்பரில் சிட்னி நீதிபதி குற்றமற்றவரென விடுவித்தார்.

ஆகவே செய்யவேண்டியவற்றைச் செவிகொடுத்துக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே பதியச் செய்து, பதிவிலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாசித்துக் காட்டாத வாக்குமூலத்திலோ விளங்காத மொழியிலுள்ள தாளிலோ கையொப்பமிடாதீர்கள். காயமிருப்பின் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைத் தாமதமின்றிக் கோருங்கள். நீதவான் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில், பொலிஸார் மன்றுக்கு அளிக்கும் பீ அறிக்கையின் இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் பெற்றுவையுங்கள். பாதிக்கப்பட்டவரும் சட்டத்தரணி மூலம் மன்றில் தோன்றலாம் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. பொருளில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

சாட்சியை எவரேனும் மிரட்டினால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிப் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே தனிக் குற்றம். அதை உடனே பொலிஸில் பதிந்து, பிணையை இரத்துச் செய்யுமாறு மன்றுக்கு விண்ணப்பிக்கும்படி பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் கோரி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். "நாளை வாருங்கள்" என்று முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கும் அதிகாரிகள் நம்மிடையே உளர்; அவர்களுக்கெதிராகத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்திடமும் எழுத்தில் முறையிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கான கால எல்லை ஒரு மாதமே; அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அதன் விசாரணைக் காலம் அவ்வெல்லையில் சேராது என்பதால், அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே முறையிடுங்கள்.

இறுதியாகச் சொல்கிறேன்: உயிரிழப்பு வழக்கை இரு குடும்பங்கள் எழுதும் சமாதானக் கடிதம் முடித்துவைக்காது. அத்தகைய கடிதத்தில் கையொப்பமிடவேண்டாம். பிணை கிடைத்த செய்தி கேட்டுத் தவணைக்குப் போகாமல் இருக்கவும் வேண்டாம்.