வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?

காலை எட்டே முக்கால் மணி. சென்னை, வடபழனி சிக்னல். சிகப்பு விளக்குக்குப் பக்கத்தில் எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 9... 8... 7... இன்னும் ஐந்து வினாடி பாக்கி இருக்கும்போதே, பின்னாலிருந்து 'பாம்... பாம்...' என்று ஹார்ன். 'முன்னாடி சிகப்பு எரியுது, பறந்தா போக முடியும்?' என்று மனசுக்குள் திட்டுகிறீர்கள்.

பச்சை விழுகிறது. கிளம்புகிறீர்கள். இடது பக்கத்திலிருந்து ஒரு ஆட்டோ, கையும் காட்டாமல் விளக்கும் போடாமல், உங்கள் முன் சக்கரத்தை உரசுகிற மாதிரி வலது பக்கம் திரும்புகிறது. சடாரென்று பிரேக். பின் சீட்டிலிருக்கும் மனைவி உங்கள் முதுகில் வந்து மோதுகிறார். அவர் மடியிலிருந்த டிபன் பை நழுவுகிறது.

"யோவ்! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

கத்தியது ஆட்டோக்காரர் இல்லை. நீங்கள்தான்!

"விடுங்க, அவன் போயிட்டான்" என்கிறார் மனைவி. உண்மைதான். ஆட்டோ போயே போய்விட்டது. நீங்கள் கத்தியது அவர் காதில் விழுந்ததோ, இல்லையோ. ஆனால் உங்களுக்கு? நெஞ்சு படபடக்கிறது. காது சூடாகிறது. ஆபீசில் போய் உட்கார்ந்த பிறகும் அந்த ஆட்டோ மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. டீ கொண்டு வந்த பையன் மேல் எரிந்து விழுகிறீர்கள். சாயங்காலம் திரும்பி வரும்போது இன்னும் நாலு ஹார்ன், இரண்டு 'கட்'. வீட்டுக்குள் நுழைந்ததும் கணக்கில் சந்தேகம் கேட்டு ஓடி வருகிற குழந்தைக்குக் கிடைப்பது, "போய் அம்மாகிட்ட கேளு!" என்ற அதட்டல்.

தப்பு செய்தவர் யாரோ. தண்டனை அனுபவிப்பது உங்கள் இதயமும், உங்கள் குழந்தையும்!

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த வால்டர் கேனன் என்ற விஞ்ஞானி, கோபமும் பயமும் உடம்பில் உண்டாக்கும் மாறுதல்களைப் பற்றி 1915-லேயே ஒரு புத்தகம் எழுதினார். ஆபத்து என்று மூளை நினைத்த உடனே உடம்பு இரண்டில் ஒன்றுக்குத் தயாராகிவிடுகிறது: ஒன்று சண்டை போடு, இல்லை ஓடிப்போ.

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. கை, கால் தசைகள் இறுகுகின்றன.

புலி துரத்தினால் இதெல்லாம் வேண்டியதுதான். ஓடும்போது அந்தச் சர்க்கரையும் வேகமும் செலவாகிவிடும். ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் ஓடவும் முடியாது, சண்டை போடவும் கூடாது. கிளம்பின குதிரையைக் கட்டிப் போட்ட மாதிரி, உடம்பு உள்ளேயே துடிக்கிறது.

எட்டு நிமிடக் கோபம்

2024-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 280 பேரைச் சில குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், தங்களுக்குக் கோபமூட்டிய பழைய சம்பவம் ஒன்றை 8 நிமிடம் நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். அவர்களுடைய ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை குறைந்துபோனது. 40 நிமிடம் வரை அந்தப் பாதிப்பு தெரிந்தது.

கவனியுங்கள். அவர்களை யாரும் அப்போது திட்டவில்லை. நினைத்தார்கள், அவ்வளவுதான்! காலையில் நடந்த ஆட்டோ கதையை ஆபீசில் ஒரு தடவை, கேண்டீனில் ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு தடவை என்று கைகால் ஆட்டிச் சொல்கிறோமே, நம் ரத்தக் குழாய்கள் பாவமில்லையா?

இன்னொரு விஷயம். கடும் கோபத்தில் வெடித்த பிறகு வரும் இரண்டு மணி நேரத்தில், மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஹார்வர்டு நிபுணர்கள் 2014-ல் எழுதினார்கள். பயந்துவிட வேண்டாம். நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒரு தடவை கோபப்படுவதால் வரும் ஆபத்து மிகமிகக் குறைவு. ஆனால் ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, புகைப் பழக்கம் இருந்து, தினமும் நாலு தடவை வெடிப்பவராக இருந்தால், அந்தக் கணக்கு கூடிக்கொண்டே போகும்.

அவனுக்குத் திமிர், எனக்கு அவசரம்

அடுத்தவர் குறுக்கே புகுந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "திமிர் பிடிச்சவன்." அதே காரியத்தை நாம் செய்தால்? "குழந்தைக்கு ஸ்கூல் பெல் அடிச்சிடும், என்ன பண்றது?"

மனநல நிபுணர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். அடுத்தவர் செய்யும் தப்புக்குக் காரணம் அவருடைய குணம் என்றும், நம் தப்புக்குக் காரணம் சூழ்நிலை என்றும் நினைப்பது மனித இயல்பு. அடுத்தவரை எடை போடும்போது சூழ்நிலையை மறந்துவிடும் இந்தக் கோளாறுக்கு, லீ ராஸ் என்ற உளவியல் பேராசிரியர் 1977-ல் ஒரு பெயரே வைத்தார்: அடிப்படைக் கணிப்புப் பிழை.

ரோட்டில் இது இன்னும் அதிகம். ஏனென்றால் ஹெல்மெட்டுக்குள்ளும் கண்ணாடிக்குப் பின்னாலும் இருப்பவரின் முகம் நமக்குத் தெரிவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் தெரியாமல் இடித்தால், 'ஸாரி சார்' என்பார், நாமும் சிரிப்போம். ரோட்டில் ஸாரி சொல்ல வழியில்லை. இருக்கிறது ஒரே ஹார்ன்தான். அவசரத்துக்கும் அதே சத்தம், எச்சரிக்கைக்கும் அதே சத்தம், திட்டுவதற்கும் அதே சத்தம்!

அந்த ஆட்டோக்காரர் பின் சீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நிஜமாகவே அவர் திமிர் பிடித்தவராகவே இருக்கட்டும். அவருக்குப் பாடம் கற்பிக்கிற வேலையை உங்கள் இதயத்துக்கு யார் கொடுத்தார்கள்?

ஒரு வாக்குவாதம், முப்பத்து மூன்று வருடம்

1988 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் பாட்டியாலாவில், காரை நிறுத்தியது சம்பந்தமாக ஒரு வாக்குவாதம் வந்தது. அடிபட்ட 65 வயது முதியவர் இறந்துபோனார். குற்றம் சாட்டப்பட்டவர் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து. வழக்கு கோர்ட் கோர்ட்டாக ஏறியது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் அபராதம் மட்டும் விதித்தது. முதியவரின் குடும்பத்தார் விடவில்லை. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் தண்டனை கொடுத்தது. சித்துவும் சிறைக்குப் போனார். ரோட்டோரத்தில் சில நிமிடச் சண்டை. ஒரு குடும்பத்துக்குப் பெரியவர் இல்லாமல் போனார். இரண்டு குடும்பங்களுக்கு 33 வருடம் நிம்மதி இல்லை.

கத்தித் தீர்த்தால் குறையுமா?

"மனசுல வெச்சுக்காம கத்திட்டா டென்ஷன் போயிடும் சார்" என்று சொல்பவர்கள் நிறைய. தப்பு! கோபத்தைப் பற்றிய 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி, 2024-ல் ஒரு முடிவு வந்திருக்கிறது. கோபத்தைக் கொட்டித் தீர்ப்பதால் கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை. உடம்பின் படபடப்பை இறக்குகிற காரியங்கள், அதாவது நிதானமான மூச்சு, தியானம், யோகா, தசைகளைத் தளர்த்துவது போன்றவைதான் பலன் கொடுத்தன.

சரி, என்னதான் செய்வது?

1. பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள். ரோட்டில் வரும் கோபத்தில் பாதி, கடிகாரம் கொடுப்பதுதான். 10 கிலோமீட்டர் தூரத்தை 30 வேகத்தில் போனால் 20 நிமிடம். 40 வேகத்தில் போனால் 15 நிமிடம். உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பது வெறும் ஐந்து நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் பிடுங்கிக்கொள்ளும்!

2. சிகப்பு விளக்கை மூச்சுக்கு ஒதுக்குங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். 60 வினாடி சிக்னலில் ஆறு மூச்சு. கண்ணை மூட வேண்டாம்! ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கும் விரல்களையும், கடித்துக்கொண்டிருக்கும் பல்லையும் தளர்த்துங்கள்.

3. வெறும் வயிற்றில் வண்டி எடுக்காதீர்கள். பசியும் தாகமும் வெயிலும் சேர்ந்தால் சாதுவுக்கும் கோபம் வரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காரணமில்லாத எரிச்சலோடு வியர்வை, கை நடுக்கம் சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதாக இருக்கலாம். வண்டியை ஓரம் கட்டி, உடனே சர்க்கரையோ குளூக்கோஸோ சாப்பிடுங்கள்.

4. ஒட்டிக்கொண்டு வருபவருக்கு வழி விடுங்கள். வழி விட்டால் தோல்வி இல்லை. முறைக்காதீர்கள், துரத்தாதீர்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

5. பின் சீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் சடாரென்று பிரேக் போட்ட அந்த நொடியில், "உங்களுக்கு ஓட்டவே தெரியலை" என்று ஆரம்பிக்காதீர்கள். "மெதுவா போலாங்க" என்றால் போதும். மற்றதை வீட்டில் காபி சாப்பிடும்போது பேசிக்கொள்ளலாம்.

6. வாசலில் இரண்டு நிமிடம். வண்டியை நிறுத்தியதும் உடனே உள்ளே நுழையாதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அப்புறம் குழந்தையைக் கூப்பிடுங்கள். ரோடு வாசலோடு நிற்கட்டும்.

நாமும் யாருக்கோ எரிச்சல்தான்!

ஒரு நிமிடம் நம்மைப் பற்றியும் யோசிப்போம். எதிரே வண்டி வரும்போது லைட்டை டிம் செய்கிறோமா? தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனைச் செருகிக்கொண்டு ஓட்டுகிறோமா? திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்காமல் போகிறோமா? 'ரெண்டே நிமிஷம்' என்று அடுத்தவர் வீட்டு கேட்டை மறித்து காரை நிறுத்துகிறோமா? புதிதாக ஸ்கூட்டர் பழகும் பெண்ணைப் பார்த்து ஹார்ன் அடித்துப் பதற வைக்கிறோமா? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி காக்க வேண்டும் என்பது 2000-ம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதி. அதை நினைத்தாவது ஹார்னிலிருந்து கையை எடுக்கிறோமா?

டாக்டரிடம் எப்போது?

ரோட்டில் மட்டுமில்லாமல் எல்லாவற்றுக்கும் எரிச்சல் வருகிறதா? தூக்கம் போதவில்லையா, ராத்திரி குறட்டை அதிகமா, தைராய்டு கோளாறா, மன அழுத்தமா என்று பார்க்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சமயத்திலும் எரிச்சல் கூடலாம். சுபாவம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தத்தைத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோபப்பட்ட பிறகு நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுதல் வந்தால் 'வாயுத் தொல்லை' என்று தள்ளிப் போடாதீர்கள். வண்டியை நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் ஊரில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். நாளைக் காலையில் ரோட்டில் யாரையாவது பார்த்து, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்க வாய் வரும்போது, அந்தக் கேள்வியை உங்களுக்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம், சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். போயிட்டு வரேன் என்று.

திரும்பி வர வேண்டும். அதுவும் சிரித்த முகத்தோடு!