கூலிப் படைக்குக் கோர்ட்டு எது?

சம்பளத்திற்காகத் துப்பாக்கி ஏந்தி அந்நிய நாட்டு யுத்தத்தில் புகுந்த ஒருவன், அங்கே குற்றமற்ற ஜனங்களைக் கொன்றால் அவனை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? சம்பளம் கொடுத்த சர்க்காருக்கா, அவனை அனுப்பிய கம்பெனி பதிவாகியிருக்கும் தேசத்திற்கா, பிணம் விழுந்த மண்ணுக்கா? இது ஈராக்கையும் ஆப்பிரிக்காவையும் பற்றிய தூர தேசத்து விவகாரம் என்று நம்மவரில் பலர் எண்ணுகிறார்கள். சிவகங்கைச் சீமையில் பிறந்தவர்கள் அப்படி எண்ணுவதற்கு நியாயமே இல்லை.

1772ஆம் வருஷம் ஜூன் 25ந் தேதி காளையார்கோவிலில் முத்துவடுகநாதரைக் கொன்ற படை எந்த அரசனுடையது? ஓர் அரசனுடையதும் அன்று. லண்டனில் பங்குதாரர்களுக்கு லாபம் பங்கிட்டு வந்த ஒரு வர்த்தகக் கம்பெனியின் கூலிப் பட்டாளம் அது. கப்ப பாக்கிக்காக ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி அதன் உதவியை நாடினார். கம்பெனியைக் கேட்டால் நவாபின் காரியம் என்பார்கள். நவாபைக் கேட்டால் கம்பெனியின் துப்பாக்கி என்பார். இரண்டுக்கும் நடுவே ஜவாப்தாரி மறைந்து போயிற்று. பிற்காலத்தில் அந்தக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பார்லிமெண்டின் முன் நிறுத்தினார்கள். 1788இல் தொடங்கிய விசாரணை 1795இல் முடிந்தது. அவர் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். அதற்கு ஆறு வருஷங்களுக்குப் பின் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட அதே கம்பெனிக்கு ஏழு வருஷ விசாரணை தேவைப்படவில்லை.

பழங்கதை போதும். நம் காலத்து விஷயத்திற்கு வருவோம்.

1984இல் இலங்கையின் ஜெயவர்த்தனே சர்க்கார் ‘கீனி மீனி சர்வீசஸ்’ என்ற பிரிட்டிஷ் கம்பெனியை அமர்த்தியது. பெயர் குழந்தை விளையாட்டுப் போலிருக்கிறது. நடத்தியவர்களோ பிரிட்டிஷ் விசேஷப் படையிலிருந்து விலகிய தேர்ந்த வீரர்கள். விசேஷ அதிரடிப் படை என்ற போலீஸ் பிரிவுக்குப் பயிற்சி அளித்தவர்கள் இவர்கள்தாம். இலங்கை விமானப் படையின் ஹெலிகாப்டர்களை ஓட்டியவர்களிலும் இவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் தன் துருப்புகளை நேரே அனுப்பியிருந்தால் டில்லியின் மனஸ்தாபத்திற்கு ஆளாகியிருக்கும். கம்பெனி சென்றதால் ‘அது தனியார் வியாபாரம்’ என்று கையைக் கழுவிக்கொள்ள வசதியாயிற்று. 1987 ஜனவரியில் மட்டக்களப்பை அடுத்த கொக்கட்டிச்சோலையில், இறால் பண்ணைத் தொழிலாளர் உட்பட 80க்கு மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றது அந்த அதிரடிப் படை என்பதே குற்றச்சாட்டு. பயிற்சி அளித்தவனுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது விசாரித்துத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. விசாரணை எங்கே? லண்டன் போலீஸார் கீனி மீனி ஆட்களைப் பற்றிப் புலன் விசாரணை தொடங்கியது 2020இல். இடைப்பட்ட 36 வருஷங்களில் அந்தக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர்கூட இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் இன்னும் திகைப்பு உண்டாகிறது. ஜெனிவா உடன்படிக்கைகளை ஒட்டிய 1957ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டம், தேசங்களுக்கு இடையே நடக்கும் யுத்தத்தில் செய்யப்படும் கொடுங்குற்றங்களைப் பற்றியது. இலங்கையில் நடந்ததோ உள்நாட்டு யுத்தம். உள்நாட்டு யுத்தக் குற்றங்களையும் சேர்த்துக்கொண்ட 2001ஆம் வருஷச் சட்டம், பிற்பாடு திருத்தப்பட்ட பின்னும், 1991 ஜனவரி 1ந் தேதிக்கு முந்திய செயல்களைத் தொடாது. இலங்கைத் தமிழன் 1987இல் செத்ததுதான் அவன் செய்த பிழை போலும்! எனினும் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் பிரஜை எந்த நாட்டில் கொலை செய்தாலும் இங்கிலாந்தில் விசாரிக்கலாம் என்று 1861ஆம் வருஷத்துச் சட்டத்தின் 9வது ஷரத்து சொல்கிறது. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் திறந்து வைத்திருக்கும் அந்தக் கதவினுள்ளே நுழையத் துணிவு வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் கதை வேறு மாதிரி. 2004 ஜூன் மாதம் ஈராக்கியரிடம் ஆட்சியை ஒப்படைப்பதற்கு முந்திய நாள், பிரெமர் என்ற அமெரிக்க நிர்வாகி தம் 17வது உத்தரவைத் திருத்தி வெளியிட்டார். கம்பெனி ஆட்கள் ஒப்பந்த வேலையில் செய்தவற்றை ஈராக் கோர்ட்டுகள் விசாரிக்கலாகாது என்றது அது. 2007 செப்டம்பர் 16ந் தேதி பாக்தாத் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் கம்பெனியின் காவலர்கள் சுட்டு 17 பேர் மாண்டார்கள். அமெரிக்கச் சட்டம் ராணுவ இலாகாவின் ஒப்பந்தக்காரரைப் பற்றியது, தாங்களோ வெளிநாட்டு இலாகாவின் ஒப்பந்தக்காரர் என்று பிரதிவாதிகள் வாதாடினார்கள். வக்கீல் தொழிலை அறிந்த நாம் அந்த வாதத்தின் சாமர்த்தியத்தை மெச்சலாம். செத்தவர் வீட்டார் மெச்ச மாட்டார்கள். ஆயினும் 2014இல் நால்வரைக் குற்றவாளிகள் என்று ஜூரிகள் தீர்மானித்தார்கள். 2020 டிசம்பரில் ஜனாதிபதி டிரம்ப் நால்வரையும் மன்னித்துவிட்டார்.

நம் கரையிலும் ஒரு வழக்கு நடந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ‘சீமேன் கார்டு ஒஹையோ’ என்ற கப்பல், 2013 அக்டோபரில் ஆயுதங்களோடு தூத்துக்குடியில் பிடிபட்டது. கப்பலில் இருந்தவர் 35 பேர். மதுரை ஐகோர்ட்டுக் கிளை வழக்கைப் பெரும்பாலும் தள்ளியது; சுப்ரீம் கோர்ட்டு 2015இல் அதை மாற்றி விசாரணை நடத்தச் சொன்னது; 2016இல் ஐந்து வருஷக் கடுங்காவல்; 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. அவர்கள் யாரையும் கொன்றவர்களல்லர். விடுதலையைக் குறை கூற நாம் முன்வரவில்லை. சர்க்கார்கள் முன்கூட்டியே தெளிவாக எழுதி வைக்க வேண்டிய விதிகளைக் கோர்ட்டுகள் நான்கு வருஷம் தேட நேர்ந்தது என்பதையே சுட்டுகிறோம்.

இந்தியாவின் சொந்தச் சட்டம் எப்படி? தனியார் காவல் கம்பெனிகளைப் பற்றிய 2005ஆம் வருஷச் சட்டம், அனுமதியின்றி வெளிநாட்டில் காவல் தொழில் செய்யலாகாது என்கிறது. மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யுத்தகளத்தில் புரளும் பணத்தின் முன்னே இந்த அபராதம் வெற்றிலை பாக்குச் செலவு! அந்நிய நாட்டில் இந்தியப் பிரஜை செய்யும் குற்றத்தை இங்கே விசாரிக்க வழியுண்டு. ஆனால் மத்திய சர்க்காரின் முன் அனுமதி வேண்டும்.

இதில் நம் பிள்ளைகளின் உயிரும் அடங்கியிருக்கிறது. உதவியாள் வேலை என்று ஆசை காட்டி இந்திய வாலிபர்களை ருஷ்ய-உக்ரேன் யுத்தமுனைக்கு அனுப்பிய ஏஜெண்டுகள் மீது 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. பட்டாளத்துக்கு ஆள் கொடுத்துப் பழகிய நமது ராமநாதபுரம், சிவகங்கை ஜில்லாக்களில், பென்ஷன் வாங்கிய பின் வெளிநாட்டுக் காவல் வேலையைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ன தேசத்தில், இன்ன சர்க்காரின் பொறுப்பில், எந்தக் கோர்ட்டின் அதிகாரத்திற்கு உட்பட்டு வேலை செய்யப் போகிறார் என்பதை ஒப்பந்தத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலன்றி எந்த ஏஜெண்டும் ஒருவரையும் யுத்த பிரதேசத்திற்கு அனுப்பலாகாது என்று பார்லிமெண்ட் சட்டம் செய்ய வேண்டும். அங்கே அவர் கொன்றாலும் கொல்லப்பட்டாலும், கம்பெனியின் டைரக்டரை இந்தியக் கோர்ட்டுக்கு வரவழைக்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்க வேண்டும். நமது ஜில்லாவின் பார்லிமெண்ட் அங்கத்தினர் இதை அடுத்த கூட்டத் தொடரில் கேள்வியாகவாவது எழுப்புவாரா?