உப்புக்குத் துணை சர்க்கரை

1971. வங்கதேசப் போருக்குத் தப்பி வந்தவர்கள் மேற்கு வங்கத்தின் பன்காவ் எல்லையில் குவிந்து கிடந்தார்கள். முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. அதை டிரம்மில் கலந்து வைத்து, குவளையில் மொண்டு கொடுக்கும்படி நோயாளிகளின் உறவினர்களிடமே சொல்லிவிட்டார். 30 சதவீதத்தை எட்டியிருந்த சாவு, அவர் கவனித்தவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

உப்பு சரி, உடம்பு இழந்ததை ஈடுகட்ட. சர்க்கரை எதற்கு? தெம்புக்கு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

குடல் செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான சவ்வு. ஒரு மில்லிமீட்டருக்குள் லட்சம் சவ்வுகளை அடுக்கலாம், அவ்வளவு மெல்லியது. ஆனாலும் எண்ணெயில் உப்பு கரையாததுபோல, மின்னேற்றம் கொண்ட சோடியத்தால் அதற்குள் நுழைய முடியாது. புரதத்தாலான வாசல் வேண்டும். காலரா நஞ்சு, உப்பு வழக்கமாக நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது. குளோரைடு வெளியேறும் வாசலையோ திறந்தே வைத்துவிடுகிறது. பின்னாலேயே தண்ணீர் கொட்டுகிறது. வெறும் உப்புநீரைக் குடித்துப் பயனில்லை.

நஞ்சு தொடாத வாசல் ஒன்று உண்டு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்து அமர்ந்தால், அந்தப் புரதம் வடிவம் மாறி உள்பக்கமாகத் திறக்கும். ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்த கருத்து இது. செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்பு ஓயாமல் சோடியத்தை இறைத்துக்கொண்டே இருக்கிறது: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. சக்தி செலவாவது அங்கேதான். உள்ளே சோடியம் வற்றியிருப்பதால் வெளியிலுள்ளது பாய்ந்து வருகிறது. வரும்போது குளுக்கோஸையும் இழுத்து வருகிறது. இரண்டும் போன இடத்துக்குத் தண்ணீர் தானே போகும். சாகும் தறுவாயில் கிடந்தவர்களின் குடலிலும் இந்த ஒரு வாசல் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த வாசலுக்கு உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்ந்து வர வேண்டும். அதனால், இன்று ஓ.ஆர்.எஸ். என்று நாம் சொல்லும் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலில் ருசிக்காக இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுவிடாதீர்கள். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. சர்க்கரை மிஞ்சினால் அது குடலிலேயே தங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துவிடும்.