மீன் தொட்டியில் துளை போடும் முன் மானிட்டரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, படம் பார்ப்பது தவிர இதில் வேறு என்ன செய்யலாம் என்று கீழப்பழுவூரில் என்னிடம் கேட்பவர்கள் பலர். மீன் வளர்க்கும் நண்பர் ஒருவரின் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. தொட்டியின் பின்பக்கம் மேலே ஒரு துளை போட்டு டேங்க் நிப்பிள் பொருத்தினால், புதுத் தண்ணீர் விடும்போது பழையது தானே வழிந்து போய்விடும். வீட்டிலேயே துளை போடலாமா என்றார்.

சாதாரணக் கண்ணாடி என்றால் போடலாம். டஃபன்டு கண்ணாடி என்றால் டிரில் பட்டதும் மொத்தமும் நொறுங்கிவிடும். சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துச் செய்வதால், அதன் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். துளை அந்தச் சமநிலையைக் குலைத்துவிடும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். இங்கேதான் உங்கள் எல்.சி.டி. மானிட்டர் உதவிக்கு வருகிறது.

எல்.சி.டி. திரையிலிருந்து வரும் ஒளியின் அலைகள் ஒரே திசையில் அதிர்பவை. நோட்பேடைத் திறந்து திரை முழுக்கப் பெரிதாக்குங்கள். கறுப்பாக இருந்தால் செட்டிங்ஸில் வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைக் கண் முன் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இருளவே இல்லையென்றால் அது சாதாரணக் கூலிங் கிளாஸ். இந்த வேலைக்கு ஆகாது. பழைய குண்டு மானிட்டரிலும் இது நடக்காது.

இருண்ட அதே கோணத்தில் வைத்துக்கொண்டு, காலித் தொட்டியைத் திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் வையுங்கள். ஒரே சீராக இருட்டாகவே தெரிந்தால் சாதாரணக் கண்ணாடி. வெளிச்சத் திட்டுகள், புள்ளிகள், வண்ணப் பட்டைகள் தெரிந்தால் டஃபன்டு, துளை வேண்டாம். ஓரங்களையும் மூலைகளையும் சற்றுச் சாய்த்துப் பாருங்கள், அங்கே நன்றாகத் தெரியும். அடிக் கண்ணாடி மட்டும் டஃபன்டாக உள்ள தொட்டிகளும் உண்டு. தொட்டியைப் படுக்க வைத்து, அடிப்பாகத்தைத் திரைப் பக்கம் திருப்பி, திறந்த வாய் வழியாகப் பார்த்தால் அதையும் சோதித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் டிரில்லைத் தொடவே வேண்டாம்.

மற்றபடி துளை போடுவது பொறுமைதான். வைரத்துகள் பூசிய வட்ட பிட், குறைந்த வேகம், ஹேமர் மோட் கூடவே கூடாது. துளைக்கும் ஓரத்துக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவாவது இடம் விடுங்கள். பின்னால் டேப் ஒட்டி, துளையிடும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். கடைசி ஓரிரு மில்லிமீட்டரில் கையழுத்தத்தைக் குறையுங்கள். தண்ணீர் புழங்குவதால் பேட்டரி டிரில் நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 127 லிட்டர் பிடிக்கும். நிப்பிள் மாட்டியபின் முற்றத்தில் நிரப்பி ஒரு நாள் கசிவு பாருங்கள். பிறகு வீட்டுக்குள் கொண்டுபோகலாம், கம்ப்யூட்டர் மேஜைப் பக்கம் மட்டும் வேண்டாம்.