நடுச்சுவர் வைத்த சன்னம்

இலங்கையின் திரியாயில் பிறந்து கனடாவில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகும் அவர், தோட்டாவைத் தானே நிரப்பப் பழகுகிறாராம். கோதும் மருந்தும் பிடிபட்டுவிட்டன. கடையில் அடுக்கியிருக்கும் சன்னங்களில் எதை எடுப்பது என்பதுதான் அவருடைய கேள்வி.

எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். கரைவலைக்கு ஈயக்குண்டு வார்ப்பார். ஆறிய குண்டைக் கல்லில் வைத்து நான் தட்டினால் ஒரே அடியில் தட்டையாகிவிடும். வேட்டைச் சன்னத்தின் சிக்கல் முழுவதும் அந்த மென்மையில்தான் இருக்கிறது. மென்மையான ஈயம் உடலில் பட்டதும் காளான்போல் விரிந்து அகன்ற காயம் செய்யும். ஆனால் ஆழம் போகாது. கடினமான சன்னம் ஆழம் போகும், விரியாது. விலங்கு உடனே விழ இரண்டும் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காடுகளில் யானை சுட்டுத் திரிந்த சாமுவேல் பேக்கருக்கும் இது தெரிந்திருந்தது. புலிக்குத் தூய ஈயம், யானைக்குக் கடினமாக்கிய ஈயம் என்று பிற்காலத்தில் எழுதினார்.

புகையில்லா மருந்து வந்தபின் சன்னத்தின் வேகம் கூடியது. செப்பு உறை போர்த்தியும், வேகமாகப் போய் மோதும் ஈயம் சிதறத் தொடங்கியது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோன் நோஸ்லர் என்பவர் சேறு காய்ந்து ஒட்டிய மூஸ் மான் ஒன்றைச் சுட்டார். சன்னம் ஆழம் போகவில்லை. வீடு திரும்பியவர் செப்புக்குள் குறுக்கே ஒரு சுவர் விட்டு, முன்னும் பின்னும் இரண்டு அறையாக ஈயம் வைத்தார். முன்னறை விரியும், பின்னறை குலையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். மேல்வயல் உடைந்தாலும் கீழ்வயல் நீரைக் காக்கும் நம்முடைய குறுக்கு வரப்பின் வேலையை அந்தச் சுவர் செய்கிறது. 1948இல் விற்பனைக்கு வந்த அந்த வகை இன்றும் கடையில் உண்டு.

உடலுக்குள் விரியும் சன்னத்தைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாடு தடுத்தது. அதே விரியும் சன்னத்தைத்தான் மான் சுடப் பயன்படுத்த வேண்டும் என்கிறது இங்கிலாந்துச் சட்டம். காயத்தோடு ஓடி, நாட்கணக்கில் துடித்துச் சாவதைவிட உடனே சாவது மேல் என்பதே காரணம்.

ஆகவே தம்பி, விலையைப் பார்க்காமல் விலங்கைப் பார்த்து எடுங்கள். சிறிய மானுக்கு எளிதில் விரிவது, மூஸுக்குச் சுவர் வைத்தது அல்லது முழுச் செப்பு. செப்பென்றால் இறைச்சியில் ஈயத்துகள் சேராது. எஞ்சிய குடலைத் தின்னும் கழுகுகளும் பிழைக்கும். கலிபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாகத் தடுத்தது காண்டோர் கழுகுகளை எண்ணித்தான்.

விலங்கைப் பார்க்காமலே சுடும் துவக்கும் உண்டு. நம் பக்கத்துக் காட்டோரங்களில் பன்றிக்கென்று கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். கயிறு தட்டுப்பட்டால் வெடிக்கும் அந்தக் குழாய்க்குப் பன்றியும் யானையும் விறகு பொறுக்க வந்த பிள்ளையும் ஒன்றுதான். காலில் சன்னம் ஏறிய யானை வாரக்கணக்கில் சீழ் வடிய நிற்கும். எதைச் சுடுகிறோம் என்று அறியாதவன் சன்னத்தைத் தேர்ந்து பயனில்லை. உங்கள் ஊர் வயலோரத்தில் கட்டுத்துவக்கு இருந்தால், அடுத்த முறை வீட்டாரோடு பேசும்போது அதைக் கழற்றச் சொல்லுங்கள்.